பீரோவுக்குள் பத்து விஆர் பெட்டிகள்

கடலூரில் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் லேபின் மூலையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது, அதன் நடுத்தட்டில் பத்து விஆர் ஹெட்செட், வாங்கின அட்டைப்பெட்டியோடு. கண்ணில் மாட்டினால் மெய்நிகர் உலகம் ஒன்றுக்குள் நிற்கிற மாதிரி காட்டுகிற கருவி. அடித்தட்டு காலி, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும். வாங்கி நாலு வருஷம் ஆகிறது. திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர் ஒருவர் அதில் ஒன்றை மாட்டிக்கொண்டு காற்றில் கையைத் துழாவுகிற போட்டோ இன்னும் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது. நான் பாண்டிச்சேரியில் ஒரு சின்ன ஆபீஸில், வீடு கட்டுகிறவர்களுக்குக் கட்டுவதற்கு முன்பே உள்ளே நடந்து பார்க்கிற மாதிரி முப்பரிமாணத்தில் செய்துகொடுக்கிற வேலையில் இருக்கிறேன். அதனால் லேபைப் பார்த்துக்கொள்கிற நண்பர் போன மாதம் கூப்பிட்டார். "ஒண்ணும் ஓட மாட்டேங்குது, வந்து பாருப்பா."

போனேன். பத்தில் ஏழு சார்ஜ் ஏறியது, படமும் வந்தது. வந்த ஒரே படம், கணக்கில் நுழையச் சொல்கிற படம். அந்தக் கணக்கை எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு விரிவுரையாளர் தன் சொந்த மெயிலில், சொந்த போன் நம்பரில் திறந்திருக்கிறார். ஓடிபி அந்த நம்பருக்குத்தான் போகும். நம்பரைக் கூப்பிட்டால் திருக்கோவிலூர் பக்கம் ஒரு அம்மா எடுத்து "யாருப்பா வேணும்?" என்கிறார்.

பொறுப்பான மெய்நிகர் தொழில்நுட்பம், நீடித்து நிற்கிற மெய்நிகர் தொழில்நுட்பம் என்று கருத்தரங்குகளில் இரண்டையும் தனித்தனி அமர்வாக வைப்பார்கள். ஒன்றில் தனியுரிமையும் குழந்தைகள் பாதுகாப்பும், மற்றதில் மின்கழிவும் கரண்டும் கார்பனும். அந்த பீரோ முன்னால் நின்றபோது எனக்கு இரண்டும் ஒரே சங்கதியாகத்தான் தெரிந்தது. காசு கொடுத்து வாங்கியாயிற்று, சாவி மட்டும் நம்மிடம் இல்லை. சாவி வைத்திருக்கிறவர் நினைத்தால் உள்ளே நாம் செய்வதைப் பார்க்கலாம், நினைத்தால் கதவைச் சாத்திவிட்டுப் போகவும் செய்யலாம். பார்த்தால் தனியுரிமைப் பிரச்சினை, சாத்தினால் குப்பைப் பிரச்சினை.

சாவி ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரிய, பெட்டி என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கணும். கண்ணுக்கு நேரே இரண்டு லென்ஸ், அதற்குப் பின்னால் திரை. வெளிப்பக்கம் நாலைந்து கேமரா, உள்ளே அசைவை அளக்கிற சென்சார்கள். நீங்கள் தலையைத் திருப்பின உடனே படமும் திரும்ப வேண்டும், அதுவும் சுமார் 20 மில்லிசெகண்டுக்குள். கொஞ்சம் தாமதித்தாலும் வயிற்றைப் பிரட்டும். அதனால் பெட்டி உங்கள் தலை எங்கே, கை எங்கே, சுவர் எங்கே, மேசை எங்கே என்று ஒரு நொடிகூட விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வேவு பார்க்கிற ஆசையில் வைத்தது இல்லை இது, இது இல்லாவிட்டால் விஆரே கிடையாது. ஆகவே 'ஏன் பார்க்கிறாய்' என்று சண்டை போட முடியாது. பார்த்ததை எங்கே கொண்டுபோகிறாய் என்றுதான் கேட்க முடியும்.

அப்புறம் அந்த நம்பவைக்கிற சக்தி. லாஸ்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பிளாட் பார்க்க எங்கள் ஆபீஸுக்கு வந்தார். நாலாவது மாடி பால்கனிக்கு நடந்துபோனவர், "காத்து நல்லா வருது தம்பி" என்றார். எங்கள் சீலிங் ஃபேன் காற்று அது. சொல்லிக்கொண்டே பால்கனிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார், இல்லாத சுவரில். நான் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு நேரே ஆஸ்பத்திரிதான். அதிலிருந்து யார் ஹெட்செட் மாட்டினாலும் பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸில் சட்டம். கூட வந்த அவர் மனைவிக்கு இரண்டே நிமிஷத்தில் தலை சுற்றி, மாத்திரை கேட்டார். கண் 'நடக்கிறோம்' என்கிறது, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு 'சும்மா உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது, நடுவில் மாட்டுவது வயிறு. அந்த அம்மாவுக்கு வந்ததில் இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். இரண்டு கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும், சராசரி 63 மில்லிமீட்டர், பெண்களுக்குப் பொதுவாக இன்னும் கொஞ்சம் குறைவு. 2020-ல் வந்து உலகெங்கும் விற்ற, ஃபேஸ்புக்கின் (இப்போது மெட்டா) குவெஸ்ட் 2 ஹெட்செட்டில் லென்ஸை 58, 63, 68 என்று மூன்றே இடத்தில்தான் நிறுத்த முடியும். நம் கண் அந்த மூன்றுக்கும் வெளியே இருந்தால் நம் பாடு. பெண்களுக்கு விஆரில் அதிகம் குமட்டுவதற்கு இந்தப் பொருந்தாமையும் ஒரு காரணம் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. பொறுப்பு என்று பெரிதாகப் பேச ஆரம்பிக்கும் முன்னால் அந்த லென்ஸை இன்னும் நாலு மில்லிமீட்டர் நகரவிட்டால் போதும் என்று சில நேரம் தோன்றும்.

சரி, பார்த்ததை வைத்து என்ன செய்ய முடியும்? எங்கள் தெருவில் ஒரு ஆயா இருந்தார். கண் பார்வை மங்கல். ஆனாலும் தெருமுனையில் ஆள் திரும்பும்போதே நடையை வைத்து இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார். விஆர் பெட்டி அந்த ஆயாதான், என்ன, எதையும் மறக்காத ஆயா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 511 பேருக்கு ஹெட்செட் மாட்டி 360 டிகிரி வீடியோ காட்டினார்கள். 2020-ல் வந்த அந்த ஆய்வில், ஐந்து நிமிஷத்துக்கும் குறைவான தலை, கை அசைவை வைத்தே 95 சதவீதம் சரியாக ஆளைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர். 511 பேர்தானே என்று விட்டுவிடலாம் என்று பார்த்தால், 2023-ல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தார் பீட் சேபர் ஆடுகிற 55,541 பேரின் அசைவுப் பதிவை எடுத்தார்கள். பாட்டுக்கு ஏற்றபடி கையை வீசிக் கட்டைகளை வெட்டுகிற விளையாட்டு அது. 100 நொடி அசைவு கிடைத்தால் 94 சதவீதம், வெறும் 10 நொடி கிடைத்தால்கூட 73 சதவீதம், அத்தனை பேருக்குள் இன்னார் என்று சரியாகச் சொன்னது. பெயர் கிடையாது, முகம் கிடையாது, குரல் கிடையாது. கை வீசுகிற விதம் மட்டும்தான்.

கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். கை வீசுகிற விதத்தை எங்கே போய் மாற்றுவது? இதே அசைவிலிருந்து உயரம், கையின் நீளம், இடக்கையா வலக்கையா, எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகிறார் என்பதையெல்லாம் கணக்கிடலாம். கண் எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்கிற ஹெட்செட்களும் வந்துவிட்டன. கடையில் எந்தப் பொருள் முன்னால் கூடுதலாக ஒரு நொடி நின்றீர்கள் என்று கடைக்காரருக்குத் தெரிந்தால் பேரம் பேச முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு மருந்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. அசைவைப் பெட்டிக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டு, விளையாட்டுக்குத் தேவையானதை மட்டும் வெளியே விடலாம். அதிலும் கொஞ்சம் பொய்க் கணக்கைக் கலக்கலாம், அதாவது உயரத்தில் ஒரு இரண்டு அங்குலம், கை நீளத்தில் ஒரு அங்குலம் என்று தெரிந்தே தப்பாகச் சொல்வது. அதே பெர்க்லி ஆட்கள் மெட்டாகார்டு என்று ஒரு கருவியை இப்படித்தான் செய்தார்கள். செய்ய முடிகிறதா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது, நிறுவனங்கள் செய்கிறார்களா என்பதுதான் மீதி. நம் ஊர்ச் சட்டம் இதில் கொஞ்சம் நம் பக்கம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது ஆகாதவர் எல்லாரும் குழந்தை, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் இல்லாமல் அவர்கள் தரவைத் தொடக்கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம். குவெஸ்ட் செய்கிற மெட்டாவோ 2023-லேயே 13 என்றிருந்த வயதை, பெற்றோர் கணக்கின் கீழ் 10 என்று இறக்கிவிட்டது.

வயது என்றதும் தேவனாம்பட்டினம் கடற்கரை ஞாபகம் வருகிறது. கோடை விடுமுறையில் அங்கே ஒரு விஆர் கடை போட்டிருந்தார்கள், ஒரு ஆட்டத்துக்கு நூறு ரூபாய், ரோலர் கோஸ்டர். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஆறு வயசிலிருந்து அறுபது வரைக்கும் வரிசை, எல்லார் முகத்திலும் அதே ஒரு ஸ்பாஞ்சு. ஒருவர் கழற்றினதும் கடைப் பையன் தோளில் கிடந்த துண்டால் ஒரு துடை துடைத்து அடுத்தவர் முகத்தில் வைப்பான். ஏப்ரல் மாசத்துக் கடலூர் வேர்வை, கேட்கவே வேண்டாம். "தம்பி, மாத்துறதுக்கு வேற கவர் இல்லையா?" என்றேன். "அது தனியா விக்கறாங்கண்ணா, ரேட்டு ஜாஸ்தி" என்றான். அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? முகத்தில் படுகிற ஸ்பாஞ்சைக் கம்பெனிகளே சரியாக யோசிக்கவில்லை. 2021 ஜூலையில் குவெஸ்ட் 2-ன் முக ஸ்பாஞ்சால் தோல் அரிப்பு, தடிப்பு என்று 5,700-க்கும் மேல் புகார் வந்து, அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் ஸ்பாஞ்சுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்து, மேலே போட சிலிகோன் உறை இலவசமாகக் கொடுத்தார்கள்.

விஆருக்குள் போய் மற்றவர்களோடு பழகுகிற இடங்களில் நடக்கிற தொல்லையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டப்போவதில்லை. மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸில் பெண்கள் தங்கள் உருவத்தை மற்றவர்கள் வந்து தொடுகிறார்கள் என்று புகார் சொன்ன பிறகு, 2022 பிப்ரவரியில், ஒவ்வொரு உருவத்தைச் சுற்றியும் மற்றவர் நெருங்க முடியாதபடி இடைவெளி வைத்தார்கள். முதல் நாளிலேயே வைத்திருக்க முடியாதா என்றால், முடியும். டவுன் பஸ்ஸில் ஏறியிருக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

இனி கதவைச் சாத்துகிற கதைக்கு வருகிறேன், என் வயிற்றெரிச்சல் இங்கேதான் அதிகம். ஃபேன், மிக்ஸி, தையல் மிஷின் எல்லாம் தேய்ந்துதான் சாகும். விஆர் பெட்டி தேய்ந்து செத்து நான் பார்த்தது குறைவு. சர்வர் நிற்கும், அப்டேட் நிற்கும், கணக்கு முறை மாறும், நல்ல கண்ணாடி ஒரு நாள் காலையில் பேப்பர்வெயிட் ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் 2017-ல் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்று கொண்டுவந்து ஏசர், டெல், ஹெச்பி, சாம்சங் எல்லாரையும் ஹெட்செட் செய்யவைத்தது. 2023 டிசம்பரில் கைவிடுவதாகச் சொன்னது, அடுத்த வருஷம் வந்த விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பில் எடுத்தே விட்டது. அப்டேட் போட்டவர்களின் ஹெட்செட், கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லாமல் செத்தது. பிறகு ஒரு பொறியாளர் தன் சொந்த முயற்சியில் ஒரு டிரைவர் மென்பொருள் எழுதி இலவசமாக விட்டதில் சிலருக்கு உயிர் வந்தது. இன்னொரு பக்கம், ஃபேஸ்புக் 2020-ல் இனி ஃபேஸ்புக் கணக்கு இல்லாமல் புது ஹெட்செட் ஓடாது என்றது. ஜெர்மனியின் போட்டி ஆணையம் அந்த டிசம்பரிலேயே விசாரணையைத் தொடங்கியது, 2022 ஆகஸ்டில் நிறுவனம் அந்தக் கட்டாயத்தை எடுத்து வேறு தனிக் கணக்கு முறைக்கு மாறியது. ஊர் கூடிக் கேட்டால் பூட்டு இளகும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நல்ல சாவும் உண்டு. ஓக்குலஸ் கோ என்று 2018-ல் அதே ஃபேஸ்புக்கின் ஒரு மலிவு ஹெட்செட் வந்தது. இரண்டே வருஷத்தில் விற்பதை நிறுத்தினார்கள். ஆனால் அப்போது அங்கே ஆலோசகராக இருந்த ஜான் கார்மாக் விடாமல் நச்சரித்ததில், 2021-ல் அதன் பூட்டைத் திறந்துவிடுகிற மென்பொருளை நிறுவனமே வெளியிட்டது. இனி இதில் நீங்கள் எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம், எங்கள் சர்வர் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கூகிள் கார்ட்போர்டும் அப்படித்தான். 2014-ல் வந்த அந்த அட்டைப்பெட்டிக் கண்ணாடிக்கான மென்பொருளை 2019-ல் எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள், 2021-ல் விற்பனை நின்றது, ஆனால் அட்டையும் லென்ஸும் இருந்தால் இன்றைக்கும் செய்யலாம். வீட்டை விட்டுப் போகிறவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி. இதைச் சட்டமாகவே வைத்துவிடலாம் என்பது என் கட்சி: ஆதரவை நிறுத்துகிற நாளில் பூட்டைத் திறந்துவிட வேண்டும், நெட் இல்லாமல், கணக்கு இல்லாமல் ஓட வேண்டும்.

கழிவு என்றால் பெரிய எண்ணாகச் சொல்வார்கள். ஐநா அமைப்புகளின் கணக்கில் 2022-ல் உலகம் போட்ட மின்கழிவு 6.2 கோடி டன், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மீதி எங்கே போகிறது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், ஏதாவது ஒரு காயலான் கடை வாசலில் பத்து நிமிஷம் நில்லுங்கள். எங்கள் ஆபீஸின் செத்த ஹெட்செட் ஒன்றை அப்படி ஒரு கடைக்கு எடுத்துப்போனேன். ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு மதியம் சாப்பிடப் போயிருந்தோம், வெயில் லென்ஸ் வழியாக உள்ளே இறங்கி, திரையில் கம்பளிப்பூச்சி ஊர்ந்த மாதிரி மஞ்சள் கோடு போட்டுவிட்டது. சின்ன வயசில் பூதக்கண்ணாடியில் பேப்பர் எரித்தோமே, அதேதான். திரை மட்டும் கிடைத்தால் மாற்றிவிடலாம், ஆனால் கிடைக்கவில்லை. கடைக்காரர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். அரைக் கிலோ. "இதுல என்னா இருக்கு? பூரா பிளாஸ்டிக்கு. உள்ள பேட்டரி வேற ஒட்டிக் கெடக்கும், பிரிச்சா புகையும்." பத்து ரூபாய் என்றார். அவர் சொன்னது சரி. பேட்டரியைப் பசையில் ஒட்டி உள்ளே புதைத்திருக்கிறார்கள், திருகாணி போட்டுக் கழற்றுகிற மாதிரி வைப்பது ஒன்றும் ராக்கெட் வேலை இல்லை. கையில் எடுத்துப் போகிற கருவிகளின் பேட்டரியை வாங்கினவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2027 பிப்ரவரியில் அமலுக்கு வருகிறது. நம் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர் தலையில் மறுசுழற்சிப் பொறுப்பைக் கட்டியிருக்கின்றன, ஆனால் பழுதுபார்க்க உதிரி கொடு என்று அதில் யாரையும் பிடிக்க முடியாது.

கரண்டு கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தனியாக ஓடுகிற ஹெட்செட் ஒன்று எடுப்பது ஆறேழு வாட், சாதாரண சீலிங் ஃபேன் எடுப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரோடு சேர்த்து ஓட்டினால் நானூறு வாட் வரை போகும், அது வேறு கதை. எங்களுக்கு வருகிற கரண்டில் நெய்வேலி நிலக்கரியும் உண்டு, அந்தப் பழுப்பு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. 2023 ஜூலையில் அந்தச் சுரங்கத்தின் கால்வாய்க்காக வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் பொக்லைன் இறங்கியதை டிவியில் பார்த்தோம், அந்த வாரம் நான் ஒரு வில்லா புராஜெக்டுக்குப் பின்னணியாகப் பச்சைப்பசேல் வயல் வரைந்துகொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனாலும் கணக்குப்படி பார்த்தால், போன் மாதிரியான சின்னக் கருவிகளில் கார்பனின் பெரும்பங்கு செய்யும்போதே வந்துவிடுகிறது, ஓட்டும்போது வருவது கொஞ்சம்தான். அதாவது தினம் ஓடுகிற ஹெட்செட்டைவிட பீரோவில் தூங்குகிற ஹெட்செட்தான் அழுக்கு. முழுச் செலவும் ஆகிவிட்டது, பயன் பூஜ்யம்.

இவ்வளவு சொன்னதும் 'அப்போ இது எதுக்குய்யா' என்று கேட்பீர்கள். தீப்புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது வலி தெரியாமலிருக்க, பனிப்பந்து எறிந்து விளையாடுகிற ஒரு விஆர் உலகத்தை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மன் செய்து காட்டினார், வலி உண்மையிலேயே குறைந்தது. அதை யாரும் வீண் என்று சொல்ல முடியாது. நம் ஊரில் பார்த்தால், பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் 1870-களின் மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகரமன்றம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்தது, பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். வெள்ளைக்காரத் தெரு, தமிழர் தெரு என்று இரண்டு பக்கமும் இன்னும் எத்தனையோ வீடுகள் ஒரு புயல் தூரத்தில் நிற்கின்றன. இடிவதற்கு முன்னால் லேசரால் அளந்து வைத்தால் பேரப்பிள்ளைகள் உள்ளே நடக்கலாம். பாரிஸ் நோத்ருதாம் தேவாலயத்தை ஆண்ட்ரூ டாலன் 2010-ல் அப்படி அளந்துவைத்தது, 2019-ல் தீப்பிடித்த பிறகு கை கொடுத்தது. ஆனால் அளந்ததை ஒரே கம்பெனியின் பூட்டு போட்ட கோப்பில் வைத்தால் வீட்டுக்கு முன்னால் கோப்பு இடிந்துவிடும். முப்பரிமாணக் கோப்புக்கு ஜிஎல்டிஎஃப், எந்தக் கம்பெனி ஹெட்செட்டிலும் ஓட ஓபன்எக்ஸ்ஆர் என்று எல்லாருக்கும் திறந்த தரங்கள் இருக்கின்றன, அவற்றைத்தான் பிடிக்கணும்.

கல்லூரிக்கு வருகிறேன். நிர்வாகம், பழசை விடு, புதுசாகப் பத்து வாங்கிவிடலாம் என்றது. விலைப்புள்ளி கேட்கிற வேலை என் தலையில். விற்பவருக்கு போன் போட்டு நாலு கேள்வி கேட்டேன்: கல்லூரியின் பேரில் கணக்கு திறக்க முடியுமா, நெட் இல்லாமல் ஓடுமா, அசைவுப் பதிவு எங்கே போகிறது, முக ஸ்பாஞ்சும் பேட்டரியும் தனியாகக் கிடைக்குமா. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சார், இதுவரைக்கும் யாரும் இதெல்லாம் கேட்டதில்ல. எத்தன ஜிபின்னு மட்டும்தான் கேப்பாங்க."

நடுவில், பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழு மூலமாக அந்த விரிவுரையாளர் அகப்பட்டார், மஸ்கட்டில் இருக்கிறார். நல்ல மனுஷன். ராத்திரி பதினொரு மணிக்கு வீடியோ காலில் உட்கார்ந்து, மெயில் வழியாக ஒவ்வொன்றாகத் திறந்துகொடுத்தார். ஏழில் ஐந்து உயிர் பெற்றது. முதல் பெட்டியை நான்தான் மாட்டிக்கொண்டேன். திறப்பு விழா நாளில் அளந்த அறை இன்னும் உள்ளே இருந்தது, பெஞ்சு இல்லை, ஒன்றும் இல்லை, தரையில் நீலக் கோடு போட்டு 'இங்கே தாராளமாக நடக்கலாம்' என்றது. நம்பி இரண்டு எட்டு வைத்தேன், நேரே போய் பீரோவில் முட்டிக்கொண்டேன்.